புள்ளி தெரிகிறதா?

திருத்தணியில் பத்திர எழுத்தர் ஒருவரின் கடையில் போன மாதம் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். மேசை மேல் தெலுங்கில் எழுதிய தாய்ப்பத்திரம். அதன் மேல் தமிழில் இரண்டு கிரயப் பத்திரங்கள். வில்லங்கச் சான்று அவர் மடியில். புலப்படத்தை விரிக்க இடமில்லாமல் ஸ்டூலில் வைத்திருந்தார். சித்தூர் மாவட்டத்தில் இருந்த இந்த ஊர் 1960 ஏப்ரல் 1 அன்றுதான் நம் பக்கம் வந்தது. அதனால் பழைய சொத்தைச் சரிபார்க்க இரண்டு மொழியும் வேண்டியிருக்கிறது.

"இதுல வடக்கே வாய்க்கால்னு இருக்கு, அதுல வண்டிப்பாதைன்னு இருக்கு. எல்லாத்தையும் ஒண்ணா விரிச்சாதான் சார் புரியும்" என்றார்.

மெய்நிகர்க் கண்ணாடி அலுவலக வேலைக்கு வரப்போகிறது என்று எல்லோரும் பேசும்போது எனக்கு நினைவுக்கு வருவது இந்த மேசைதான். எங்கள் அக்கா மகன் சென்னையில் மென்பொருள் வேலையில் இருக்கிறான். அவனுடைய ஹெட்செட்டை இரவல் வாங்கிக்கொண்டு மறுபடி போனேன். ஐந்து தாள்களின் நகலும் எழுத்தரைச் சுற்றி ஐந்து பெரிய திரைகளாக நின்றன. "அடேங்கப்பா" என்று தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு புல எண்ணை வாய்விட்டுப் படிக்கத் தொடங்கி, பாதியில் நின்றுவிட்டார்.

எழுத்து பிடிபடவில்லை.

காரணம் எளியது. நல்ல பார்வை உள்ள கண், ஒரு பாகை அகலத்தில் சுமார் 60 படப்புள்ளிகளைப் பிரித்தறியும். இன்று கடையில் கிடைக்கும் கண்ணாடிகளில் பெரும்பாலானவை அதில் பாதியைத்தான் தருகின்றன. ஆங்கிலத்தில் பெரிய எழுத்தில் அச்சான தலைப்புகளுக்கு அது போதும். தமிழில் மெய்யும் உயிர்மெய்யும் ஒரு புள்ளியில் பிரிகின்றன. தெலுங்கில் 'ப'வும் 'வ'வும் தலைக்கட்டு என்னும் மேல்குறி விலகியிருக்கிறதா ஒட்டியிருக்கிறதா என்பதில்தான் வேறுபடும். கையால் எழுதி, மங்கி, நகலெடுத்த தாளில் முதலில் மறைவது இவைதான். பெரிதாக்கினால் தெரியத்தான் செய்கிறது. ஆனால் அப்போது ஒரே பத்திரம் கண் முழுக்க நிறைந்துகொள்கிறது. ஐந்தையும் ஒன்றாகப் பார்க்கத்தானே கண்ணாடி மாட்டினோம்?

1968-ல் ஐவன் சதர்லாண்ட் உருவாக்கிய தலைக்கருவி கூரையிலிருந்து தொங்கியது. 2024 பிப்ரவரியில் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த ஒரு கண்ணாடி 600 கிராமுக்குச் சற்று மேல், விலை 3,499 டாலர். இத்தனை தூரம் வந்தும் படிப்பது சிரமம்தான். ஜெர்மனியின் கோபர்க் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் மற்றவர்களும் சேர்ந்து 2022-ல் வெளியிட்ட ஆய்வில், 16 பேர் நாளுக்கு எட்டு மணி நேரம், ஐந்து நாள் கண்ணாடிக்குள்ளேயே வேலை பார்த்தார்கள். வழக்கமான மேசை வேலையைவிடக் கண் சோர்வு 48 சதவீதமும் மன எரிச்சல் 42 சதவீதமும் கூடின. வேறு இருவர் முதல் நாளே ஒற்றைத் தலைவலி, குமட்டல், பதற்றம் தாங்காமல் விலகிக்கொண்டார்கள். அதுவும் ரோமன் எழுத்தில் வேலை செய்யும் நாட்டில்.

கருவி ஆண்டுக்கு ஆண்டு கூர்மையாகிறது, பயிற்சிக்கும் தொழிற்கூடத்துக்கும் இப்போதே உதவுகிறது என்கிறார்கள் ஆதரவாளர்கள். இருக்கலாம். என் கவலை எழுத்தைப் பற்றியது. தமிழ் சரியாகத் தெரியாத கருவி அலுவலகத்துக்குள் வந்துவிட்டால், கருவியை யாரும் குறை சொல்லமாட்டார்கள். "எல்லாத்தையும் இங்கிலீஷ்லயே ஏத்திடுங்க" என்பார்கள். திரையில் தமிழ் எழுத்துருவுக்காக எத்தனை ஆண்டு அல்லாடினோம் என்பதை மறந்துவிட்டோமா? சென்னை ஐ.ஐ.டி.யில் மெய்நிகர்த் துறைக்கென்றே ஒரு மையம் இயங்குகிறது. நம் எழுத்துக்கு எத்தனை படப்புள்ளி வேண்டும் என்று சொல்லத் தகுந்த இடம் அது.

வாங்கப்போகும் அலுவலகங்களுக்கு ஒரு வேண்டுகோள். விற்க வருபவர் காட்டும் கடற்கரையையும் மலையையும் பார்த்துவிட்டு முடிவெடுக்காதீர்கள். உங்கள் பீரோவில் இருக்கும் மிகப் பழைய பத்திரத்தின் நகலை அதில் திறக்கச் சொல்லுங்கள். ஒற்றின் மேல் புள்ளி தெரிந்தால் பணம் கொடுங்கள்.