எஸ்க்யூலைட்டில் சேர ஏசுவை ஏற்க வேண்டுமா?

திறந்த மூலத் திட்டங்களுக்குப் பங்களிக்க அழைக்கும் ஹேக்டோபர்ஃபெஸ்ட் அக்டோபர் 31-ல் முடியும். நாகர்கோவில், தக்கலைப் பக்கத்துப் பொறியியல் மாணவர்களின் கடிதங்களில் இந்தக் கேள்விதான் திரும்பத் திரும்ப வருகிறது. வேண்டாம்.

இத்தகைய திட்டங்களின் நடத்தை நெறி என்பது, யாரை எப்போது வெளியே அனுப்பலாம் என்று முன்கூட்டியே எழுதி வைப்பது. 'அனைவரையும் வரவேற்கிறோம்' என்ற முதல் வரியெல்லாம் மரியாதைக்கு.

ஏசு பற்றிய குழப்பம் 2018-ல் தொடங்கியது. கைபேசி தோறும் இருக்கும் தரவுத்தளம் எஸ்க்யூலைட். அதைத் தொடங்கிய ரிச்சர்ட் ஹிப், 6-ஆம் நூற்றாண்டுத் துறவி பெனடிக்டின் மடத்து விதியில் 4-ஆம் அத்தியாயத்தை நெறியாக வைத்தார். கடவுளை நேசி, முணுமுணுக்காதே, அதிகம் சிரிக்காதே என 72 அறிவுரைகள். வாடிக்கையாளர் நிறுவனங்களின் சப்ளையர் படிவத்தில் 'நடத்தை நெறி' என்றொரு கட்டம் இருந்ததாம். அதை நிரப்பத்தான் இவ்வளவும் என்று எஸ்க்யூலைட் குழுவினரே எழுதியிருக்கிறார்கள்.

இந்த விதி யாரைக் கட்டுப்படுத்துகிறது என்பதில்தான் சூட்சுமம். அய்யாவழியினரின் சாமித்தோப்புப் பதிக்குள் போகும் ஆண்கள் தலைப்பாகை கட்ட வேண்டும். அங்கே விதி வருகிறவருக்கு. இங்கே வீட்டுக்காரருக்கு, அதாவது எஸ்க்யூலைட் குழுவினருக்கு மட்டும். நீங்கள் எப்படி நடந்தாலும் நாங்கள் உங்களிடம் இப்படித்தான் நடப்போம் என்பது ஒருவழி வாக்கு. நீங்கள் அதை ஏற்கவோ, படிக்கவோகூட வேண்டியதில்லை. கெட்டிக்காரத்தனம்தான். ஆனால் வாக்கு தவறினால் யாரிடம் போய்க் கேட்பது?

பெனடிக்ட் இதை யோசிக்காதவர் அல்ல. 23 முதல் 30 வரையான அத்தியாயங்கள் தண்டனை பற்றியவை: இரண்டு முறை தனியாகக் கண்டிப்பு, பிறகு எல்லார் முன்னிலும், பிறகு ஒதுக்கிவைப்பு, கடைசியில் வெளியேற்றம். போனவர் திருந்தி வந்தால் மூன்று முறை வரை சேர்த்துக்கொள்ளலாம். இன்று பல திட்டங்கள் எடுத்தாளும் 'கான்ட்ரிபியூட்டர் கவனன்ட்' சொல்லும் திருத்தம், எச்சரிக்கை, தற்காலிகத் தடை, நிரந்தரத் தடை ஆகியவையும் ஏறக்குறைய இதே படிகள்தான். ஹிப் அறிவுரையை எடுத்துக்கொண்டு நடைமுறையை மடத்திலேயே விட்டுவிட்டார். என் ஆட்சேபம் அதில்தான், மதத்தில் அல்ல.

எதிர்ப்பு கிளம்பியதும் 72-க்கும் 'அறநெறி' என்று பெயர் மாற்றினார்கள். நடத்தை நெறிக்கு மொசில்லாவின் விதிகளை வைத்தார்கள்.

எஸ்க்யூலைட்டுக்கு நிரல் அனுப்பலாமா? பொதுவாக வெளியார் நிரலை அவர்கள் வாங்குவதில்லை.

மற்ற திட்டங்களில் மதம் கேட்பார்களா? மாட்டார்கள், மதத்தைச் சொல்லி யாரையும் துன்புறுத்தாதே என்றுதான் கவனன்ட் சொல்கிறது.

லினக்ஸ் கெர்னல்? 2018 செப்டம்பர் முதல் கவனன்ட்தான்.

எதைப் பார்த்துச் சேர்வது? கிட்ஹப்பில் அந்தத் திட்டத்தின் நெறிக் கோப்பைத் திறந்து, புகார் அனுப்பும் முகவரியைத் தேடுங்கள். மாதிரியை அப்படியே ஒட்டிவிட்டு அந்த இடத்தை நிரப்பாமல் விட்டவர்கள் உண்டு. கண்ணில் பட்டால், நிரப்பச் சொல்லி உங்கள் முதல் கோரிக்கையை அனுப்புங்கள்.