பெட்டியைத் திறப்பவர் யார்?

பீகாரின் நாளந்தா மாவட்டத்து அரசுப் பள்ளிகளில் ஒரு பெட்டி வைத்தார்கள். மனசில் கிடப்பதைத் துண்டுச் சீட்டில் எழுதி மாணவர்கள் உள்ளே போடலாம். பெயர் போட வேண்டிய கட்டாயமில்லை. சில பள்ளிகளில் இதையெல்லாம் பார்த்துக்கொண்டவர் ‘மித்ரா’. அவர் டாக்டரும் இல்லை, மனநல நிபுணரும் இல்லை. பயிற்சி கொடுத்து பள்ளிக்கு ஒருவராக அமர்த்தப்பட்ட சாதாரண ஆள். வேறு சில பள்ளிகளில் அதே வேலை, அதே பெட்டி, ஆனால் பொறுப்பு ஆசிரியரிடம். மூன்றாவது வகைப் பள்ளிகளில் வழக்கமான அரசு வாழ்க்கைத்திறன் வகுப்பு மட்டும்.

கோவாவின் ‘சங்காத்’ தொண்டு நிறுவனம் நடத்திய ‘சேஹர்’ ஆய்வு இது. முடிவுகள் 2018-இல் ‘லான்செட்’ இதழில் வந்தன. மித்ரா இருந்த பள்ளிகளில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளிடையே மனச்சோர்வு, சீண்டல், அடிதடி எல்லாம் குறைந்திருந்தன. ஆசிரியர் பொறுப்பேற்ற பள்ளிகளில் சொல்லிக்கொள்ளும்படி மாற்றமே இல்லை! இரண்டாம் ஆண்டில் மித்ரா பள்ளிகளின் பலன் இன்னும் கூடியது.

ஆசிரியர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. போர்ஷன் முடிக்க வேண்டும், தேர்தல் வேலைக்கும் ஓட வேண்டும். அதோடு, கணக்குப் பேப்பர் திருத்துகிறவரிடமே போய், ‘ராத்திரி அப்பா குடிச்சிட்டு வந்து அடிச்சார்’ என்று எந்தப் பையன் சொல்வான்?

மனசுக்கு மட்டுமல்ல, உடம்புக்கும் இந்த வயது முக்கியம். சர்க்கரை, பிரஷர், மாரடைப்பு எல்லாம் நாற்பதுக்கு மேல் வரும் சங்கதி என்பது நம் நினைப்பு. ஆனால் அவற்றுக்கு வழிவிடும் பழக்கங்கள் பள்ளி வயதிலேயே ஒட்டிக்கொள்கின்றன. மனநலப் பிரச்சினைகளிலும் பாதி 18 வயதுக்குள் தலைகாட்டிவிடுவதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. நம்மூரில் ‘கூல் லிப்’ புகையிலைப் பொட்டலத்தை உதட்டுக்குள் அடக்கிக்கொண்டு கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பையனிடம் வாய்ப் புற்றுநோய்ப் படத்தைக் காட்டுகிறோம். அவன் ராத்திரி தூங்கினானா என்று கேட்பதில்லை. மனச்சோர்வு நீடித்தால் பிற்காலத்தில் சர்க்கரையும் இதயநோயும் வரும் வாய்ப்பு கூடுகிறது என்பது மருத்துவர்கள் அறிந்ததுதான். ஆனால் விழிப்புணர்வுப் பேரணிகளில் இரண்டுக்கும் தனித்தனி பேனர்.

14416 என்ற இலவச மனநல உதவி எண் இருக்கிறது, நல்லதுதான். கையில் சொந்த போன் இல்லாத பதின்மூன்று வயதுப் பெண் அம்மாவின் போனில், அம்மா பக்கத்தில் இருக்கும்போது என்ன பேசிவிட முடியும்?

பள்ளிக்கு ஒரு மித்ரா என்றால் மாதாமாதம் சம்பளம் கொடுத்தாக வேண்டும். ஆசிரியருக்கு இரண்டு நாள் பயிற்சி, ஒரு சர்டிபிகேட், குரூப் போட்டோ என்றால் செலவு மிச்சம். நாளந்தா முடிவுகள் வந்த பிறகும் அதிகாரிகளின் மேஜையில் இரண்டாவது ஃபைல்தான் நகர்கிறது.