கடைசி அரைமணி நேரம்

கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தின் கடைசித் தொட்டிக்கு வந்து சேரும் தண்ணீர் தெளிவாகத்தான் இருக்கும். நாற்றமும் பெரும்பாலும் போயிருக்கும். ஆனால் அதில் 100 மில்லி எடுத்துப் பரிசோதித்தால், மலத்திலிருந்து வரும் கோலிஃபார்ம் பாக்டீரியா லட்சக்கணக்கில் இருக்கக்கூடும். டைபாய்டு, காலரா, மஞ்சள் காமாலை ஆகியவற்றைப் பரப்பும் கிருமிகளும் கூடவே இருக்கலாம். அவற்றை ஒழிக்கும் வேலை அதுவரை தொடங்கியிருக்காது.

ஒரு சிறு கணக்குப் போட்டால் இது புரியும். வீடுகளிலிருந்து வரும் சாக்கடை நீரில் 100 மில்லிக்கு ஒரு கோடி கோலிஃபார்ம் இருப்பது சாதாரணம். சுத்திகரிப்பில் 99 சதவீதம் நீங்கிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். மீதி ஒரு சதவீதம்தானே என்று தோன்றும். ஆனால் அந்த மீதி ஒரு லட்சம். மத்தியச் சுற்றுச்சூழல் அமைச்சகம் 2017இல் வெளியிட்ட விதிப்படி, நிலையத்தை விட்டு வெளியேறும் நீரில் இந்த எண்ணிக்கை 1000க்குக் கீழே இருக்க வேண்டும். தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2019 ஏப்ரலில் இதை 230 என்று இன்னும் இறுக்கியது. ஒரு கோடியிலிருந்து 1000க்கு இறங்க 99.99 சதவீதம் நீக்கியாக வேண்டும். 99க்குப் பிறகு வரும் ஒவ்வொரு ஒன்பதும் கிருமிகளைப் பத்தில் ஒரு பங்காகக் குறைக்கிறது. அந்த ஒன்பதுகளைச் சம்பாதித்துத் தருவதுதான் கிருமிநீக்கம்.

அதற்கு முந்தைய கட்டங்களின் நோக்கமே வேறு. கம்பி வலை குப்பையைத் தடுக்கிறது. மணல் தொட்டி மணலைப் பிரிக்கிறது. காற்றூட்டும் தொட்டியில் கோடானுகோடி நுண்ணுயிர்கள் கரைந்த அழுக்கைத் தின்று கசடாகத் திரள்கின்றன. அடுத்த தொட்டியில் அந்தக் கசடு அடியில் படிகிறது. நோய்க்கிருமிகளில் பெரும்பகுதியும் அதோடு சேர்ந்து படிந்துவிடும். அவை சாகவில்லை, இடம் மாறியிருக்கின்றன. இதை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் கசடு பிறகு நம் கதைக்குள் திரும்பி வரும்.

தண்ணீரில் தங்கியவற்றைக் கொல்ல உலகெங்கும் அதிகம் பயன்படுவது குளோரின். மேல்நிலைத் தொட்டியில் போடும் பிளீச்சிங் பவுடரும் அதே வேதியியலில்தான் வேலை செய்கிறது. குளோரின் தண்ணீரில் கரைந்ததும் ஹைப்போகுளோரஸ் அமிலம் உருவாகிறது. இதன் மூலக்கூறுக்கு மின்னேற்றம் கிடையாது. அதனால் பாக்டீரியாவின் செல்சுவரை எளிதில் ஊடுருவி உள்ளே இருக்கும் நொதிகளைச் சிதைக்கிறது. நீரின் காரத்தன்மை கூடினால் அமிலம் ஹைப்போகுளோரைட் அயனியாக மாறி வலுவிழக்கும். பி.எச். 7.5 அளவில் பாதிக்குப் பாதி; 8.5 ஆனால் பத்தில் ஒரு பங்கு மட்டுமே வலுவான வடிவில் மிஞ்சும்.

குடிநீருக்கும் கழிவுநீருக்கும் உள்ள வித்தியாசம் இங்கேதான். கழிவுநீரில் போட்ட குளோரின் நேரே கிருமிகளிடம் போவதில்லை. மிச்சமிருக்கும் அழுக்கும், சிறுநீரிலிருந்து வந்த அம்மோனியாவும் அதை முதலில் பிடித்துக்கொள்கின்றன. அம்மோனியாவோடு சேர்ந்தால் குளோரமின் உருவாகும். அதன் கிருமிக்கொல்லும் திறன் மிகக் குறைவு. ஒரு மில்லிகிராம் அம்மோனியா நைட்ரஜனைக் கடந்து வரவே ஏறத்தாழ 8 முதல் 10 மில்லிகிராம் குளோரின் செலவாகும். கரிமப் பொருள்களோடு சேர்ந்தால் குளோரோஃபார்ம் போன்ற தீங்கான சேர்மங்கள் பிறக்கும். குளோரின் இட்ட குடிநீரில் இவை உண்டாவதை 1974இல் ரோட்டர்டாமைச் சேர்ந்த யோஹன்னஸ் ரூக் வெளிப்படுத்தினார்.

அளவோடு நேரமும் தேவை. குளோரின் கலந்த நீர் சுமார் அரைமணி நேரமாவது தொட்டியில் இருக்க வேண்டும். நீர் குறுக்கே பாய்ந்து சீக்கிரம் வெளியேறிவிடாதபடி, தடுப்புச் சுவர்கள் கட்டி அதை வளைந்து வளைந்து ஓட வைக்கிறார்கள். முடிவில் மிஞ்சும் குளோரின் ஆற்று மீன்களுக்கு நஞ்சு என்பதால், விடும் முன் அதையும் நீக்க வேண்டியிருக்கும்.

இன்னொரு வழி புற ஊதா ஒளி. சூரிய ஒளி பாக்டீரியாவை அடக்குகிறது என்பதை 1877இல் டவுன்ஸ், பிளண்ட் என்ற இரு ஆங்கிலேயர்கள் காட்டினார்கள். இன்றைய பாதரச விளக்குகள் 254 நானோமீட்டர் அலைநீள ஒளியை உமிழ்கின்றன. அந்த ஒளி டி.என்.ஏ.வைச் சேதப்படுத்துவதால் கிருமியால் பெருக முடியாமல் போகிறது. சில வினாடிகள் போதும். ரசாயன மிச்சமும் இல்லை. 1993இல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் குடிநீர் வழியாக ஏறத்தாழ 4 லட்சம் பேரை நோயில் தள்ளிய கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணியைக் குளோரினால் அடக்க முடியாது; புற ஊதா ஒளியால் முடியும். ஆனால் நீர் கலங்கலாக இருந்தால், மாமரத்து நிழலில் ஒதுங்குவதுபோல் கிருமிகள் துகள்களின் நிழலில் தப்பிவிடும்.

ஆக, எந்த முறையானாலும் அதன் வெற்றி முந்தைய கட்டங்களைப் பொறுத்தது. சரியாகச் சுத்தமாகாத நீரில் கூடுதலாகக் குளோரின் கொட்டுவது பணத்தை வீணாக்கும், நஞ்சையும் கூட்டும்.

இனி இந்த நிலையங்களிலிருந்து திண்டுக்கல் மாவட்டத்து நத்தம் போன்ற ஊர்களுக்கு வருவோம். நத்தம் ஒரு பேரூராட்சி. தமிழ்நாட்டுப் பேரூராட்சிகளில் பெரும்பாலானவற்றில் பாதாள சாக்கடை கிடையாது. வீட்டுக்கு வீடு செப்டிக் டேங்க்தான். அது திடக்கழிவைப் படிய வைத்து ஓரளவு மட்கச் செய்யும் தொட்டி. கிருமிநீக்கம் அதன் வேலையே அல்ல. வழிந்து வெளியேறும் நீரிலும் கிருமிகள் ஏராளம். உறிஞ்சுகுழியில்லாமல் அதை வாய்க்காலில் விட்டால் அது கண்மாய்க்குப் போகும். பக்கத்திலேயே போர்வெல் இருந்தால் குடிநீருக்கும் ஆபத்து.

அடியில் தேங்கும் கசடு இன்னும் பெரிய கவலை. அதை லாரியில் உறிஞ்சியெடுத்துத் தோப்பிலோ ஓடையிலோ கொட்டினால், படிய வைத்து ஒதுக்கிய கிருமிகள் மறுபடி வெளியே வருகின்றன. குடலில் வாழும் உருண்டைப்புழுவின் முட்டைகள் குளோரினுக்கும் அசையாதவை. மண்ணில் ஆண்டுக்கணக்கில் உயிரோடு இருக்கும். 2015 முதல் நம் குழந்தைகளுக்குக் குடற்புழு நீக்க நாளில் மாத்திரை கொடுக்கிறோம். மண்ணில் முட்டைகள் இருக்கும்வரை அந்தப் புழு திரும்ப வரும். கசட்டை முதலில் தொட நேர்பவர் துப்புரவுப் பணியாளர். அவருக்குக் கையுறையும் காலணியும் முகக்கவசமும் கட்டாயம் வேண்டும்.

இதற்கும் வழி உண்டு. செப்டிக் டேங்க் கசடு மேலாண்மைக்குத் தமிழ்நாடு அரசு 2014இல் வழிகாட்டு நெறிமுறைகளை வெளியிட்டது. மதுராந்தகத்தை அடுத்த கருங்குழிப் பேரூராட்சியில் 2017இல் கசடு சுத்திகரிப்பு நிலையம் செயல்பாட்டுக்கு வந்தது. சுண்ணாம்பு சேர்த்துக் கசட்டின் பி.எச். அளவை 12க்கு உயர்த்தி அரைமணி நேரம் வைத்தால் பெரும்பாலான பாக்டீரியா மடியும். புழு முட்டைகளுக்கு அது போதாது. உலர்படுகையில் மாதக்கணக்கில் காய வேண்டும். வெயிலும் இடமும் இருக்கும் ஊர்களில் ஆழமில்லாத குளங்களும் கைகொடுக்கும். நீர் பல நாள் தங்கும்போது முட்டைகள் அடியில் படியும். பகலில் பாசி நீரின் காரத்தன்மையைக் கூட்ட, வெயில் கிருமிகளைக் கொல்லும். திருச்சி பஞ்சப்பூரில் நகரக் கழிவுநீரைப் பல ஆண்டுகள் இத்தகைய குளங்களில்தான் சுத்திகரித்தார்கள். திண்டுக்கல் சமவெளியில் வெயிலுக்குக் குறைவில்லை.

மக்கள் கேட்க வேண்டிய கேள்விகள் எளியவை. நம் வீட்டு செப்டிக் டேங்க்கைக் காலி செய்த லாரி எங்கே போனது? சுத்திகரித்த நீரில் கோலிஃபார்ம் எவ்வளவு? கசடு எத்தனை நாள் காய்ந்தது? இந்தப் பதில்களை ஒவ்வொரு மாதமும் உள்ளாட்சி அலுவலகப் பலகையில் எழுதிப்போட வேண்டும். சரியான பதில் வரும்வரை எந்த ஊரும் தன் கழிவுநீரைச் சுத்திகரித்துவிட்டதாகச் சொல்லிக்கொள்ளக் கூடாது.