நட்புக்குக் கத்தி தரலாமா?

கத்தியைப் பரிசாகக் கொடுத்தால் உறவு அறுந்துவிடும் என்பது பலரும் சொல்லக் கேட்ட எச்சரிக்கை. ஐரோப்பியரிடமும் இந்த அச்சம் உண்டு. அங்கே கத்தியைப் பெறுபவர் ஒரு சில்லறைக் காசைத் திருப்பிக் கொடுத்து, அதை விலைக்கு வாங்கியதாக ஆக்கிக்கொள்வார். ஆனால் பட்டறையில் ஒருவர் உட்கார்ந்து அடித்து, தீட்டி, பிடி போட்டுத் தரும் நல்ல கத்தி, நட்புக்கு மிகவும் பொருந்திய பரிசு என்றே நான் கருதுகிறேன். அரிவாள் என்றாலே வெட்டும் குத்தும் நினைவுக்கு வருகிற நெல்லைச் சீமையில், அதிலும் வள்ளியூர் வட்டாரத்தில், இப்படிச் சொன்னால் எதிர்ப்பு வரும். அந்த எதிர்ப்பில் நியாயமும் இருக்கிறது. அதனால்தான் இதை விரிவாகப் பேச வேண்டியிருக்கிறது.

முதலில் நம் மண் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். தாமிரபரணிக் கரையிலுள்ள ஆதிச்சநல்லூரில் 1899 முதல் 1905 வரை அலெக்சாந்தர் ரீ நடத்திய அகழாய்வில், முதுமக்கள் தாழிகளோடு ஏராளமான இரும்புக் கருவிகளும் ஆயுதங்களும் கிடைத்தன. அருகிலுள்ள சிவகளையில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 3345 வரை பின்னோக்கிச் செல்கிறது என்று தமிழ்நாடு தொல்லியல் துறை 2025 ஜனவரியில் அறிவித்தது. கல்லை உருக்கி இரும்பெடுப்பது பெரும்பாடாக இருந்த காலத்தில், அந்த அருமையான பொருளை மாண்டவரோடு சேர்த்துப் புதைத்திருக்கிறார்கள். உறவை முறிக்கும் பொருள் என்று நினைத்திருந்தால் அப்படிச் செய்திருப்பார்களா? இன்றும் சுடலைமாடனுக்கும் கருப்பசாமிக்கும் நேர்ந்துகொண்டு அரிவாள் செய்து சாத்துகிறோம். கடல் கடந்தால், கண்டி அரசில் அரண்மனைப் பட்டறைகளில் வெள்ளியும் தந்தமும் இழைத்துச் செய்த கத்திகள் அதிகாரிகளுக்கு மன்னரின் பரிசாகப் போயின. பின்லாந்தில் ‘பூக்கோ’ என்னும் சிறுகத்தியைக் கொடுப்பது, உன்னை நம்புகிறேன் என்று சொல்வதற்குச் சமம். தெய்வத்துக்கும் மாண்டவருக்கும் மதிப்புக்குரியவருக்கும் தந்த ஒன்று, நண்பனுக்கு மட்டும் ஆகாது என்பதற்கு வலுவான காரணம் இல்லை.

கையால் செய்த கத்தி என்று நான் வலியுறுத்துவது பழைமையின் மேலுள்ள பாசத்தால் அல்ல. பனையேறியின் பாளை அரிவாளை எடுத்துக்கொள்ளுங்கள். பாளையின் நுனியை நாள்தோறும் மெல்லிசாகச் சீவினால்தான் பதநீர் ஒழுங்காகச் சுரக்கும். மழுங்கிய வாய் பாளையை நசுக்கிவிடும். அதனால் அந்த அரிவாளின் கனமும் வளைவும் கூர்மையும் அதைப் பிடிக்கும் கைக்கு ஏற்றபடி அமைய வேண்டும். பழைய லாரிப் பட்டையை உலையில் பழுக்கக் காய்ச்சி, சம்மட்டியால் அடித்து, வாய்ப்பக்கத்தைத் தோய்ச்சலிட்டுப் பதம் பார்க்கும் கொல்லர், ‘யாருக்கு, எந்த வேலைக்கு?’ என்று கேட்காமல் தொடங்க முடியாது. நண்பனுக்காகச் செய்யச் சொல்பவரும் அந்தக் கேள்விக்குப் பதில் வைத்திருக்க வேண்டும்: அவன் இடக்கைப் பழக்கக்காரனா, கருக்குமட்டை வெட்டுவானா, மீன் அரிவானா, வாழைத்தார் வெட்டுவானா? நண்பனின் உழைப்பை இவ்வளவு தூரம் எண்ணிப் பார்க்க வைக்கும் பரிசுகள் குறைவு. கொடுத்தபின்னும் அது கவனிப்பைக் கேட்கும். எண்ணெய் தடவாவிட்டால் துரு ஏறும், தீட்டாவிட்டால் மழுங்கும், வாய் தேய்ந்தால் மறுபடி பட்டறைக்குப் போக வேண்டும். நட்பும் இப்படிப் பேணப்பட வேண்டியதுதான்.

கடையில் மலிவாக, துருப்பிடிக்காத கத்தி கிடைக்கும்போது எதற்கு இந்தச் சிரமம் என்று கேட்கலாம். அன்றாடப் புழக்கத்துக்கு அது போதும், மறுக்கவில்லை. ஆனால் அது யாருக்கென்றும் செய்யப்பட்டதல்ல. இனி, கத்தியைக் கைக்குக் கை கொடுக்கக்கூடாது, கீழே வைத்துத்தான் எடுக்கச் சொல்ல வேண்டும் என்ற நம் வழக்கத்தைச் சிலர் சான்றாகக் காட்டுவார்கள். அது பரிசுக்குத் தடையாகச் சொல்லப்பட்டதல்ல. விரல் அறுபடாமல் இருக்க வந்த நல்ல கவனம். அதை அப்படியே வைத்துக்கொள்வோம்.

இவற்றைவிடக் கனமான மறுப்பு ஒன்று உண்டு. 2023 ஆகஸ்ட் மாதம் பக்கத்து ஊரான நாங்குநேரியில், வள்ளியூரில் படித்துவந்த தலித் மாணவர் ஒருவரை உடன்படித்தவர்களே வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு விழுந்தது. இதை வைத்துக்கொண்டு கத்தியின் பெருமை பேசலாமா என்று கேட்பவரின் வேதனை எனக்குப் புரிகிறது. ஆனால் அந்தப் பிள்ளைகளின் கையில் வெட்டரிவாள் ஏறுவதற்கு முன்பே மனத்தில் சாதி ஏறியிருந்தது. அதன்பின் அமைக்கப்பட்ட நீதிபதி கே. சந்துரு குழு, 2024 ஜூனில் தந்த அறிக்கையில் சாதி காட்டும் கைக்கயிறுகளையும் பள்ளிகளின் சாதிப் பெயர்களையும் அகற்றச் சொன்னது. நோய் எங்கே இருக்கிறது என்பதை அது சரியாகவே காட்டியது. அதே சமயம் இரும்பைக் காவலின்றி விட்டுவிடவும் கூடாது. அரிவாள் வாங்குவோரின் பெயரையும் முகவரியையும் குறித்துக்கொள்ளும்படி 2021 செப்டம்பரில் காவல்துறை பட்டறைகளுக்குச் சொன்னது. அது வேண்டிய ஏற்பாடுதான். வீட்டுக்கும் விவசாயத்துக்கும் மட்டுமே என்று செய்த கருவிகளை 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டமும் ஆயுதம் என்ற வரையறைக்கு வெளியே நிறுத்துகிறது. யார் கைக்கு, எந்த வேலைக்கு என்ற கொல்லரின் கேள்விதான் காவல்துறையின் கேள்வியும், சட்டத்தின் கேள்வியும். முகம் தெரியாதவர் வாங்கிப் பதுக்கும் வெட்டரிவாள் அந்தக் கேள்வியைத் தவிர்க்கிறது. நண்பனின் தொழிலை அறிந்து, பெயர் சொல்லிச் செய்து தரும் கத்தி அதற்கு நேராகப் பதில் சொல்கிறது.

அதனால் கத்தியைப் பரிசாகத் தருவோர் சில பொறுப்புகளை ஏற்க வேண்டும் என்பேன். வேலைக் கருவியைத் தாருங்கள், வெட்டரிவாளைத் தராதீர்கள். சிறுவர் கைக்குத் தராதீர்கள். உறை போட்டுத் தாருங்கள். கொல்லருக்கு உரிய கூலியைப் பேரம் பேசாமல் கொடுங்கள்; பண்டிகைக்கு நாலு பேர் இப்படிச் செய்யச் சொன்னால் அணையவிருக்கும் ஓர் உலை எரியும். முக்கியமாக, சொந்தச் சாதிக்குள்ளேயே சுற்றிவரும் பரிசாக இது இருந்துவிடக் கூடாது. அச்சத்தின் அடையாளமாகிவிட்ட ஒரு பொருளை, சாதி எல்லையைத் தாண்டி ஒருவர் இன்னொருவரின் உழைப்பை மதித்துக் கொடுப்பதும், அவர் தயங்காமல் வாங்கிக்கொள்வதும் இந்த வட்டாரத்துக்கு இன்று தேவையான நம்பிக்கை. வேறு எந்தப் பரிசையும்விடக் கத்தி அந்த நம்பிக்கையை வெளிப்படையாகக் கேட்கிறது. நண்பர்கள் அதைக் கொடுக்கத் துணிய வேண்டும்.