கோப்பி வீழ்ந்த மலையில் தேயிலை

நெருக்கடி ஒரு தொழிலை அழிக்கும்போது அதன் இடத்தை நிரப்பும் புதுத்தொழில் எங்கிருந்து வருகிறது என்னும் வினாவுக்கு, கண்டி மாவட்டத்து ஹேவாஹெட்ட மலைப்பகுதியின் லூல்கந்துர தோட்டம் தெளிவான விடை தருகிறது. 1852 இல் ஸ்கொட்லாந்திலிருந்து வந்த ஜேம்ஸ் டெய்லர், கோப்பி செழித்திருந்த 1867 ஆம் ஆண்டிலேயே அங்கு 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். பங்களா விறாந்தையில் கொழுந்தைக் கையால் உருட்டி, களிமண் அடுப்பின் கரிச்சூட்டில் உலர்த்திப் பக்குவம் கற்றுக்கொண்ட அம்முயற்சி அன்று எவருடைய வருமானத்தையும் உயர்த்திவிடவில்லை.

இரண்டாண்டு கழித்து, 1869 இல், ‘ஹெமிலியா’ எனப்படும் பூஞ்சண நோய் இலங்கைக் கோப்பியைத் தாக்கியது. இலையின் அடிப்புறத்தில் செம்மஞ்சள் தூளாகப் படிந்து, இலைகளை உதிர்த்து, மரத்தை ஆண்டுக்காண்டு மெலியச் செய்வது இந்நோயின் இயல்பாகும். எனினும் 1870களில் கோப்பி விலை உயர்ந்து நின்றமையால், குறைந்த விளைச்சலை விலை ஈடுசெய்தது. தோட்டக்காரர்கள் கடன் வாங்கிப் புதுக்காடுகளை வெட்டிக் கோப்பியையே மேலும் நட்டனர். பிரேசில் கோப்பி சந்தையில் பெருகி விலை சரிந்தபோது, நோயும் கடனும் ஒன்றுசேர்ந்து தோட்டங்களை வீழ்த்தின. 1884 இல், தோட்டங்களுக்குக் கடன் கொடுத்திருந்த ஓரியண்டல் வங்கியும் கதவடைத்தது.

அப்போது பலரும் முதலில் நாடியது, மலேரியாக் காய்ச்சலுக்கு மருந்தாகும் குயினைனைத் தரும் சிங்கோனா மரத்தையே. அனைவரும் ஒரே நேரத்தில் பட்டையை உரித்து அனுப்பியதால் அதன் விலையும் விழுந்தது. தேயிலையோ, நட்டால் மட்டும் போதாமல், வாட்டுதல், உருட்டுதல், புளிக்கவைத்தல், உலர்த்துதல் ஆகிய செய்முறைகளையும் தொழிற்சாலையையும் வேண்டுவது. லூல்கந்துரவில் முன்னரே சேர்ந்திருந்த அனுபவம் இங்குதான் பெறுமதி பெற்றது. 1900 அளவில் இலங்கைத் தேயிலை மூன்று இலட்சம் ஏக்கரைக் கடந்திருந்தது.

இம்மாற்றம் உழைத்தவர்களுக்கு வேறொரு பொருளில் வந்தது. கோப்பிப் பழம் ஆண்டில் சில மாதங்களே பறிக்கப்பட்டதால், தமிழகத்திலிருந்து காட்டுப்பாதைவழி நடந்து வந்தவர்களுட் பலர் அறுவடை முடிந்ததும் ஊர் திரும்பினர். தேயிலைக் கொழுந்து ஆண்டு முழுவதும் தளிர்ப்பதால், தொழிலாளர் குடும்பத்தோடு லயங்கள் எனப்படும் தோட்டத்து வரிசைக் குடியிருப்புகளில் நிலைகொள்ள நேர்ந்தது. தொடர்ச்சியான வேலை கிடைத்தது உண்மையே. ஆயினும் தொழிலாளரைத் திரட்டி வந்த கங்காணியிடம் பட்ட கடனைக் குறித்துக்காட்டும் ‘துண்டு’ என்னும் சீட்டு, அக்கடனைத் தீர்க்க முன்வரும் தோட்டத்துக்கே தொழிலாளி மாறலாம் என்னும் கட்டாயத்தை உண்டாக்கியது. இம்முறை 1921 இல்தான் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது.

ஆகவே கெட்ட காலத்தின் வாய்ப்பு அக்காலத்தில் முளைப்பதன்று. நல்ல காலத்தில், இலாபம் உடனே தெரியாத 19 ஏக்கரில், பொறுமையாகப் பழகப்பட்ட தொழிலே அது. அதே வாய்ப்பு தோட்ட முதலாளிக்கு மீட்சியாகவும் கொழுந்து பறித்தவருக்கு நீண்ட கடனாகவும் அமைந்தமையால், ஒரு மீட்சியை அளவிடும்போது ஏற்றுமதிக் கணக்கோடு துண்டுச் சீட்டின் கணக்கையும் சேர்த்தே பார்க்க வேண்டியுள்ளது.