பாட்டுக்காரப் பாட்டியும் பழைய கேமராவும்

எங்கள் பக்கத்துக் காலனியில் ஒப்பாரிக்குப் பேர்போன பாட்டி ஒருவர் இருந்தார். எழவு வீட்டில் அவர் வந்து உட்கார்ந்தால், செத்தவர் வாழ்ந்த வாழ்க்கை முழுவதும் பாட்டில் வந்துவிடும். கல்லூரியில் படிக்கும் பிள்ளைகள் நான்கு பேர் அவரைப் பதிவு செய்யக் கிளம்பினார்கள். நானும் கூடப் போனேன். வேப்பமரத்தடியில் உட்கார வைத்து, செல்போனை ஸ்டாண்டில் நிறுத்தி, ஒன்றரை மணி நேரம் எடுத்தோம். படம் நன்றாகத்தான் இருந்தது. வீட்டுக்கு வந்து போட்டுக் கேட்டால் பாட்டைக் காணோம். காற்று அடிக்கிறது, ஆடு கத்துகிறது, எங்கோ பம்புசெட் ஓடுகிறது. பாட்டியின் குரல் கிணற்றுக்குள் இருந்து வருவதுபோல் கேட்கிறது. இன்னொரு நாள் போய் எடுத்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டோம். அந்த நாள் வருவதற்குள் பாட்டி போய்ச் சேர்ந்துவிட்டார். எம்.ஏ. தமிழ் படித்த எனக்கு ஒப்பாரியின் அருமை தெரிந்திருந்தது. மைக்கின் அருமை தெரியவில்லை.

அந்த வருத்தத்தில்தான் கேமரா வாங்குவது என்று முடிவு செய்தோம். ஆளுக்குக் கொஞ்சம் போட்டு 40,000 ரூபாய் சேர்ந்தது. இந்தக் காசுக்கு என்ன வரும் என்று இப்போது பல ஊர்ப் பிள்ளைகள் என்னிடம் கேட்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இந்த வாரம்.

மிரர்லெஸ் என்றால் உள்ளே கண்ணாடி இல்லாத கேமரா. பழைய எஸ்.எல்.ஆர். கேமராவில் லென்ஸுக்கும் ஃபிலிமுக்கும் நடுவே ஒரு சின்னக் கண்ணாடி ஏறி இறங்கும். அதை எடுத்துவிட்டதால் கேமரா ஒல்லியாகிவிட்டது. அதனால் நமக்கு இன்னொரு லாபமும் உண்டு. லென்ஸுக்கும் சென்சாருக்கும் உள்ள தூரம் குறைந்துவிட்டதால், நடுவில் ஒரு வளையத்தை மாட்டி, பழைய ஸ்டுடியோக்களில் தூசி படிந்து கிடக்கும் ஃபிலிம் காலத்து லென்ஸ்களைப் பொருத்திவிடலாம். ஃபோகஸைக் கையால்தான் திருப்ப வேண்டும். திருப்பிப் பழகினால் நல்லதுதான்.

நாங்கள் வாங்கியது கேனான் எம்50, பழசு. 2018இல் வந்த மாடல். அந்த வரிசையையே கம்பெனி நிறுத்திவிட்டதால் விலை இறங்கிவிட்டது. லென்ஸோடு 32,000 ரூபாய்க்குக் கிடைத்தது. மைக் மாட்டத் துளை இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் விலை பேசினேன். சோனி ஏ6000 அதைவிட மலிவாகக் கிடைக்கிறது, நல்ல கேமராவும்கூட. ஆனால் அதில் மைக் துளை கிடையாது. எம்50இலும் குறை உண்டு. 4கே என்று அட்டையில் போட்டிருப்பார்கள். 4கேயில் எடுத்தால் ஓரங்கள் வெட்டுப்படும், ஆட்டோஃபோகஸும் தடுமாறும். நாங்கள் 1080இலேயே எடுக்கிறோம். ஊர்க் கூட்டத்தில் வேட்டி கட்டித் திரையிட அது தாராளம்.

மீதி 8,000இல் முதலில் வாங்கியது மைக். சட்டையில் குத்தும் போயா பி.ஒய்.எம்.1, ஆயிரத்துக்குள் வந்தது. ஆறு மீட்டர் ஒயர். அதன் நடுவில் உள்ள சின்னப் பெட்டியில் கேமரா, செல்போன் என்று ஒரு சுவிட்ச் இருக்கும். கேமராவில் மாட்டும்போது அது கேமரா பக்கம் இருக்க வேண்டும், உள்ளே இருக்கும் பொத்தான் பேட்டரியிலும் சார்ஜ் இருக்க வேண்டும். இது தெரியாமல் மைக்கைத் தூக்கி எறிந்தவர்கள் உண்டு. எம்50இல் ஹெட்போன் துளை இல்லை, எடுக்கும்போதே கேட்க முடியாது. அதற்கும் வழி இருக்கிறது. மைக்கைச் செல்போனில் மாட்டி, சுவிட்சைச் செல்போன் பக்கம் தள்ளி, பேசுகிறவர் மடியிலேயே பதிவை ஓடவிடுங்கள். கேமரா ஓடத் தொடங்கியதும் ஒரு கைதட்டல். எடிட்டிங்கில் தட்டுகிற படத்தையும் தட்டின சத்தத்தையும் பொருத்தினால் வேலை முடிந்தது. மைக் மோவாயிலிருந்து ஒரு சாண் கீழே இருக்கட்டும். வெளியே எடுத்தால், பழைய பொம்மையின் முடித்துணியை வெட்டி மைக்குக்குத் தொப்பி தைத்துப் போடுங்கள், காற்று அடங்கும். வீட்டுக்குள் ஃபேனை நிறுத்திவிடுங்கள்.

2015இல் அமெரிக்காவில் வந்த 'டேஞ்சரின்' படத்தை முழுக்க ஐபோனில் எடுத்தார்கள் என்று யூடியூபில் பெருமையாகச் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் ஒலியை அந்தப் போனில் பிடிக்கவில்லை. அதற்குத் தனி ஆள், தனி மைக். இந்தப் பாதியை மட்டும் யாரும் சொல்வதில்லை.

அடுத்தது ரிக். கேஜ், கைப்பிடி, கம்பிகள் என்று கடையில் அடுக்கி வைத்திருப்பதைப் பார்த்தால் கை அரிக்கும். அதெல்லாம் அழகுக்கு வந்ததில்லை. எம்50இன் எடை ஏறக்குறைய 390 கிராம். அரைக் கிலோகூட இல்லாத பொருளைக் கையில் பிடித்தால் மூச்சு விட்டாலும் ஆடும். ஆட்டத்தை நிறுத்தக் கனம் வேண்டும், உடம்பில் சாய ஓர் இடம் வேண்டும். எங்களில் ஒரு பையனின் அப்பா பிளம்பர். முக்கால் இஞ்ச் பி.வி.சி. பைப், நான்கு எல்போ, இரண்டு டீ, ஓர் இரும்புப் பட்டை. அரை நாளில் தோளில் வைக்கும் ரிக் செய்து கொடுத்துவிட்டார். பின்பக்கம் மணல் நிரப்பிய தண்ணீர் பாட்டிலைக் கட்டினோம், முன்பாரம் சரியானது. கேமரா அடியில் உள்ள துளைக்குக் கால் இஞ்ச் போல்ட் போதும், இஞ்சுக்கு 20 மரை. ஹார்டுவேர் கடையில் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: போல்ட் கேமராவுக்குள் ஐந்து மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. நீளமாக இருந்தால் வாஷர் போட்டுக் குறையுங்கள். பலமாக முறுக்கினால் அடிப்பாகம் உடையும். செலவு 400 ரூபாய்க்குள். பார்த்தவர்கள் சிரித்தார்கள், படத்தைப் பார்த்த பிறகு நிறுத்திக்கொண்டார்கள்.

ஸ்டாண்டு, இரண்டாவது பேட்டரி, நல்ல மெமரி கார்டு. இந்த மூன்றோடு பணம் தீர்ந்தது. கார்டில் வி30 என்று போட்டிருக்கிறதா பாருங்கள், போலிகள் நிறைய வருகின்றன.

செட்டிங் பற்றியும் ஒரு வார்த்தை. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். கேமராவை பாலில் வைத்து, நொடிக்கு 25 ஃபிரேம், ஷட்டர் ஐம்பதில் ஒன்று என்று வையுங்கள். அறுபதில் ஒன்று என்று வைத்தால் ட்யூப்லைட் படத்தில் அலையலையாக ஓடும்.

இனி முகம். ஃபிலிம் காலத்தில் லேப்களில் வண்ணத்தைச் சரிபார்க்க கோடாக் கம்பெனி ஓர் அட்டை அனுப்பும். ஷெர்லி அட்டை என்று பெயர், அதில் இருந்தது ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் முகம். அவள் முகம் சரியாக வந்தால் எல்லாம் சரி என்று கணக்கு. கறுத்த முகங்கள் பல்லும் கண்ணுமாக மட்டும் தெரிந்ததற்கு அந்த அட்டைக்கும் பங்கு உண்டு. இன்றைய சென்சாருக்கு அந்த அட்டை தேவையில்லை. ஆனால் ஆட்டோவில் விட்டால், வெயில் அடிக்கும் வெள்ளைச் சுவரைப் பார்த்ததும் கேமரா மொத்த வெளிச்சத்தையும் குறைத்துவிடும். முன்னால் உட்கார்ந்திருக்கும் நம் ஆயாவின் முகம் கரிக்கட்டையாகிவிடும். எனவே மேனுவலில் வையுங்கள். முகத்துக்கு வெளிச்சம் சரியா என்று மட்டும் பாருங்கள், பின்னால் சுவர் வெளுத்தால் வெளுக்கட்டும். வாசல் வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி உட்கார வையுங்கள். எதிர்ப்பக்கம் ஒரு தெர்மாகோல் அட்டையைப் பிடித்தால் போதும், பெரிய சினிமாவிலும் அதைத்தான் பிடிக்கிறார்கள். அந்த அட்டையைப் பிடித்து நிற்கிற வேலைதான் நம் பிள்ளைகள் பலருக்கு இதுவரை கிடைத்தது என்பது வேறு கதை. செல்போனில் எடுப்பவர்கள் முகத்தை வெளுக்க வைக்கும் ஃபில்டரை முதலில் அணையுங்கள்.

40,000 சேராதவர்கள் ஆடி மாதம் வரை பொறுங்கள். கல்யாணம் இருக்காது, ஸ்டுடியோ கேமராக்கள் பீரோவில் தூங்கும். தெரிந்த ஸ்டுடியோக்காரரிடம் நயமாகக் கேட்டால் நாள் வாடகையைக் குறைத்துத் தருவார். மார்கழியிலும் அப்படியே.

எங்கள் பாட்டிக்கு ஒரு தங்கை இருக்கிறார், நாலு ஊர் தள்ளி. போன மாதம் அவரிடம் போனோம். பி.வி.சி. ரிக்கைத் தோளில் வைத்திருந்தது இரண்டாம் ஆண்டு தமிழ் படிக்கும் பெண். ஒரு மணி நேரம் பாடி முடித்ததும், "எங்கே, போட்டுக் காட்டு கண்ணு" என்றார். செல்போனில் பதிந்ததைக் காதில் மாட்டிவிட்டோம். கண்ணை மூடிக் கேட்டவர் பாதியில் நிறுத்தச் சொன்னார். "எங்கக்கா இந்த எடத்துல இன்னும் ரெண்டு அடி பாடும். நான் வுட்டுட்டேன். மறுபடி போடு."

அந்தப் பெண் இரண்டாவது பேட்டரியை மாட்டினாள்.