அழித்த பிறகும் இடம் பிடிக்கும் கோப்புகள்

செவ்வாயில் இறங்கி மூன்று வாரம்கூட ஆகவில்லை. 2004 ஜனவரி 21 அன்று நாசாவின் ஸ்பிரிட் ஊர்தி ஒழுங்காகப் பதில் சொல்வதை நிறுத்திவிட்டது. பிறகு துண்டும் துக்கடாவுமாக வந்த தகவல்களைக் கோத்துப் பார்த்ததில், அதன் கணினி ஓயாமல் தன்னைத்தானே ரீபூட் செய்துகொண்டிருப்பது தெரிந்தது. இரவில் உறங்க வேண்டிய ஊர்தி விழித்தே கிடந்தது. பேட்டரி இறங்கிக்கொண்டே போனது.

ஸ்பிரிட்டில் ஓடியது விண்ட் ரிவர் நிறுவனத்தின் விஎக்ஸ்வொர்க்ஸ். கருவிக்குள்ளேயே குடியிருந்து அதை இயக்கும் இயங்குதளம் இது. 128 மெகாபைட் ரேம், 256 மெகாபைட் ஃபிளாஷ், அவ்வளவுதான் வசதி. மின்சாரம் நின்றால் ரேமில் ஒன்றும் மிஞ்சாது. அதனால் படங்களும் அளவீடுகளும் ஃபிளாஷில் கோப்புகளாகக் காத்திருக்கும். பூமிக்கு அனுப்பியான பின் அழிக்கப்படும். அவற்றை நிர்வகித்தது, 1977இல் மைக்ரோசாஃப்ட்டில் ஃபிளாப்பி வட்டுக்காகப் பிறந்த ஃபேட் கோப்பு முறை. ஆம், பழைய டாஸ் கணினிகளில் இருந்த அதேதான்.

ஃபேட்டில் ஒரு கோப்பை அழித்தால், அட்டவணையில் அதன் பெயரின் முதல் எழுத்து மட்டும் ஓர் அடையாளமாக மாறும். வரி அங்கேயே இருக்கும். மளிகைக்கடைக் கடன் நோட்டில் பெயரை அடித்துவிட்டால் நோட்டு மெலிந்துவிடுமா? பிறகு வரும் கோப்பு அந்த வரியில் உட்காரலாமே தவிர, அட்டவணை சுருங்காது. விஎக்ஸ்வொர்க்ஸ் இந்த அட்டவணையின் நகலை ரேமில் வைத்துக்கொள்ளும். ஏழு மாதப் பயணத்தில் சேர்ந்த கோப்புகளோடு தரையிறங்கியபின் எடுத்தவையும் சேர, நகல் ஊதிப்போனது. கேட்கக் கேட்கப் பொது நினைவகத்திலிருந்து எடுத்துக்கொள்ளும்படி அமைப்பு இருந்தது. ஒருநாள் எடுக்க ஒன்றுமில்லை. பணி நின்றது, கணினி ரீபூட் ஆனது. எழுந்ததும் முதல் வேலை ஃபிளாஷைத் திறப்பது. மறுபடி அதே அட்டவணை, அதே தட்டுப்பாடு.

ஃபிளாஷைத் தொடாமல், ரேமிலேயே தற்காலிகக் கோப்பு முறை அமைத்து எழும்படி கட்டளை அனுப்பித்தான் மீட்டார்கள். தேவையற்ற கோப்புகளை அழித்து, பிப்ரவரியில் ஃபிளாஷை ஃபார்மட் செய்தார்கள். 90 நாளுக்கென்று போன ஊர்தி 2010 மார்ச் வரை பேசியது.

ஃபேட்டைத் தேர்ந்ததே தவறு என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. சிறியது, பழகியது; கேமரா எஸ்டி கார்டுகளில் இன்றும் அதன் வம்சம்தான். எவ்வளவு நினைவகம் தின்னலாம் என்று வரம்பு கட்டாமல் விட்டதும், அது திறந்தால்தான் கணினி எழும் என்று வைத்ததுமே வினை. சின்னஞ்சிறு சிப்களுக்காக ஆர்ம் நிறுவனத்தில் உருவான லிட்டில்எஃப்எஸ், கோப்புகள் எத்தனை பெருகினாலும் ரேம் தேவை கூடாது என்பதை அடிப்படை விதியாகவே வைத்திருக்கிறது. எழுதும் நடுவே மின்சாரம் போனாலும் பழைய நிலை கெடாது. விண்ட் ரிவரும் பின்னர் ஹெச்ஆர்எஃப்எஸ் என்ற, பாதியில் அறுந்தாலும் குலையாத கோப்பு முறையைச் சேர்த்தது.

மென்பொருளைத் திருத்தலாம், ஃபிளாஷ் தேய்வதைத் திருத்த முடியாது. தொகுதி தொகுதியாக அழித்தே எழுத வேண்டிய பொருள் அது. ஒவ்வொரு அழிப்பிலும் கொஞ்சம் ஆயுள் போகும். ஸ்பிரிட்டின் இரட்டை ஆப்பர்ச்சுனிட்டிக்கு 2014இல் அந்தக் கட்டம் வந்தது. அதன் பிறகு அது ஃபிளாஷ் இல்லாமலே நாள் கடத்தப் பழகியது: அன்றன்று எடுத்ததை உறங்குமுன் அனுப்பிவிட வேண்டும், இல்லையேல் காலையில் எதுவும் இருக்காது.